இரண்டு ஆண்டுகளின் விலை

தேவகோட்டைப் பகுதியில் உள்ள பங்கு ஒன்றில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கூடுகின்ற சிறியதோர் உதவிக் குழுவில் நாமும் அமர்வதுண்டு. பெருநிதி எதுவும் அக்குழுவிடம் இல்லை. உண்டியலில் விழுவதும், சிலர் மாதந்தோறும் மனமுவந்து தருவதும் சேர்ந்து, நோயாளிகளின் மருந்துக்கும், பள்ளிப் பிள்ளைகளின் கட்டணத்துக்கும், துக்க வீட்டின் முதல் நாள் செலவுக்குமாகக் கரைந்துவிடும். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள், கொத்தனார் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு அக்குழுவின் முன் வந்து நின்றார். மகள் வரலாற்றில் இளங்கலை முடித்திருந்தாள்.

"ஐயா, பிள்ளை மேலே படிக்கணும்னு சொல்லுது. எம்.ஏ. சரித்திரம். ஏதாவது வழியிருக்குமா?"

குழுவின் மூத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கனிவாகத்தான் பேசினார். "நர்சிங்னா பார்க்கலாம், பி.எட்.னா பார்க்கலாம். சரித்திரம் படிச்சுட்டு என்னம்மா செய்யப் போறே?"

அப்பெண் விடை சொல்லவில்லை. தந்தை, "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு அழைத்துச் சென்றார். நாமும் அங்கிருந்தோம், ஒரு சொல்லும் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது.

மூத்தவரின் கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. கையில் உள்ள தொகை சிறிது. கேட்டு வருவோர் பலர். செவிலியம் படித்த பெண் மூன்றாம் ஆண்டின் முடிவில் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்துகிறாள்; அவளுடைய தம்பிக்கு நாளை நாம் உதவ வேண்டியிருக்காது. ஆகவே பத்து ரூபாயை எங்கே வைத்தால் அது இருபதாகும் என்று எண்ணுவது கருமித்தனம் அன்று; ஏழைகளின் பணத்தை ஏழைகளுக்காகக் காக்கின்றவனின் கடமை அது. தாலந்து உவமையை அறிந்த நம் மக்களுக்கு இவ்வெண்ணம் அயலானதும் அன்று. எனினும் அந்த நியாயத்தை அதன் எல்லைவரை நடத்திச் சென்று பார்ப்போம். வரலாறும் மெய்யியலும் இலக்கியமும் உடனே சோறு போடாதவை. ஆகவே ஏழைக்கு அவை ஆகா. அப்படியானால் அவற்றை யார் படிப்பது? சோற்றுக்குக் கவலையில்லாதவர் படிப்பார். கொத்தனாரின் வரலாற்றையும் அவரே எழுதுவார். அல்லது எவரும் எழுதமாட்டார். இந்த முடிவுக்கு நம்முள் எவரும் மனமறிந்து ஒப்பவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஆனி மாதத்தில், நல்லெண்ணத்தோடு, இம்முடிவைத்தான் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அப்பெண்ணுக்கு வரலாற்றின்மேல் ஆசை வந்த வழி பின்னர்தான் நமக்குத் தெரிய வந்தது. தந்தைக்குப் பழைய செட்டிநாட்டு வீடுகளில் பழுதுபார்க்கும் வேலை. சுண்ணாம்புப் பூச்சின் பக்குவம் தெரிந்த கைகள் இன்று குறைவு. ஆனால் அண்மைக் காலமாகப் பழுதுபார்ப்பதைவிடப் பிரிக்கும் வேலையே மிகுதி. பங்காளிகள் பத்துத் திசையில் இருக்க, வீட்டைக் காக்க ஆளின்றி, தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. அப்படிப் பிரித்த வீடொன்றில் கணக்கேடுகள் சில பழைய தாளோடு எடைக்குப் போகக் கிடந்தன. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார் தந்தை. அவற்றில் வீடு கட்டிய காலத்துக் கூலிக் கணக்கும் இருந்தது. கொத்தனுக்கு இவ்வளவு, நிமிர்ந்தாளுக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு. சித்தாள்கள் பெண்கள், அவர்களுக்கு மட்டும் பெயர் எழுதப்படவில்லை, தலைக்கணக்குத்தான். "அவங்க யாரு, எந்த ஊருன்னு தெரிஞ்சுக்கணும்" என்பதே அவள் படிக்க விரும்பியதன் சாரம். மூத்தவர் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான விடை உண்டா என்று நமக்குத் தெரியவில்லை. அன்று அவள் அதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு நாம் இடம் கொடுக்கவும் இல்லை.

இப்படிப்பட்ட தாள்கள் காத்திருக்கமாட்டா. காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் ஒரு தனி மனிதர் தம் வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பின் அச்சேகரத்தை வாங்கியது சிக்காகோ பல்கலைக்கழகம். அது சென்னையிலேயே காக்கப்படுவதற்கு 1994-இல் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தமிழ்நாட்டின் தாளைக் காக்க அமெரிக்காவிலிருந்து பணம் வர வேண்டியிருந்தது என்பதை நன்றியோடு நினைக்கலாம். சற்றே நாணத்தோடும் நினைக்கலாம்.

சரி, முதுகலைப் படிப்புக்கு உண்மையில் என்ன செலவாகிறது? பலரும் கட்டணத்தையே நினைக்கிறோம். அரசு கல்லூரியிலும் அரசு உதவிபெறும் கல்லூரியிலும் வரலாற்று முதுகலைக்குக் கட்டணம் பெருஞ்சுமை அன்று. பேருந்துச் செலவும் பெரிதன்று. 2021 மே முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அப்பெண்ணின் வீட்டாருக்குச் சுமையாக இருந்தது வேறு. காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் மாதம் 9,000 ரூபாய்க்கு அவளுக்கு வேலை காத்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு அது 2,16,000 ரூபாய். அவள் வகுப்பறையில் அமர்ந்தால் வீடு இழப்பது இத்தொகையை. கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகும் பணமன்று இது. எந்த ரசீதிலும் ஏறாத பணம். ஆகவே உதவித்தொகை என்று நாம் சொல்வது, கூர்ந்து நோக்கின், காலத்தை வாங்கித் தருவதேயாகும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இருபத்தொரு வயதிலிருந்து இருபத்துமூன்று வயதுவரை காலம் இலவசமாகக் கிடைக்கிறது. ஏழை வீட்டில் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் விலை உண்டு; அதைத் தங்கையின் திருமணமோ தாயின் மருந்தோ கொடுக்கிறது.

முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். உ.வே. சாமிநாதையர் 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைத்தது 1880-இல். இடையே 9 ஆண்டுகள். மகனுக்குத் தமிழ் சொல்லித்தருவோர் இருக்கும் ஊரெல்லாம் குடும்பத்தோடு பெயர்ந்து திரிந்தவர் தந்தை. பாடம் சொன்ன பிள்ளையவர்களோ தாமே கடனில் இருந்தவர். திருவாவடுதுறை ஆதீனம் சோறும் இடமும் தந்தது. அந்தச் சோறு இல்லையெனில் 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியிருக்குமா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. ஆனால் அந்தப் பந்தியில் யார் அமரலாம், யார் அமரலாகாது என்பதற்கும் அக்காலம் விதி வைத்திருந்தது. பழைய புரவலர்களை நாம் பாராட்டும்போது வாசலுக்கு வெளியே நின்றவர்களை மறந்துவிடக் கூடாது. கொடை ஒருவரின் மனமகிழ்ச்சியைப் பொறுத்ததாக இருந்த காலத்தைவிட, சட்டத்தைப் பொறுத்ததாக இருக்கின்ற காலம் மேலானது என்றே நாம் கருதுகிறோம்.

அப்படியானால் இன்றைய சட்டமும் திட்டமும் என்ன தருகின்றன? இங்கே ஒரு விந்தை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது. இரண்டும் முதற் பட்டத்தோடு நின்றுவிடுகின்றன. மறுகரையில், முதுகலைக்குப் பின் நடுவண் அரசின் தகுதித் தேர்வில் மேல்வரிசையில் தேர்ந்தால் இளநிலை ஆய்வு உதவித்தொகை உண்டு; 2023-இல் அது மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. தமிழக அரசும் 2023-இல் முதலமைச்சர் பெயரால் ஆய்வு உதவித்தொகை ஒன்றைத் தொடங்கி, மாதம் 25,000 ரூபாய் என்று அறிவித்து, கலைத் துறைகளுக்கும் அதில் இடம் வைத்தது. இக்கரையில் 1,000, அக்கரையில் 37,000. நடுவே இரண்டு ஆண்டு ஆறு. அதைக் கடப்பதற்கு 2023-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்த ஒரு தோணி உண்டு: முதுகலை மாணவருக்கு மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 10 மாதங்கள். நாடு முழுமைக்கும் 10,000 இடங்கள். இளங்கலை மதிப்பெண்ணே அளவுகோல். நல்ல திட்டம், நம் பிள்ளைகளுள் பலருக்கு இதன் பெயரே தெரியாது என்பது நம் குற்றம். ஆனால் இதற்கு விண்ணப்பிக்க முதலில் கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும். முடிவு வருவது பிறகு. பணம் வருவது அதற்கும் பிறகு. ஜவுளிக்கடை முதலாளியோ ஆனி மாதத்திலேயே விடை கேட்கிறார். கிடைக்குமா என்று தெரியாத பணத்தை நம்பி, கிடைக்கும் என்று தெரிந்த கூலியை விடச் சொல்ல எந்தத் தந்தைக்குத் துணிவு வரும்?

நம் மக்களுக்கே உரிய இழப்புகளும் உள. சிறுபான்மைச் சமயத்தாரின் ஆய்வுப் படிப்புக்காக 2009-இல் தொடங்கிய மௌலானா ஆசாத் உதவித்தொகையை நடுவண் அரசு 2022-இல் நிறுத்திவிட்டது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் விளைவாக, கிறிஸ்தவரான தலித் மாணவர்கள் நடுவண் அரசின் பட்டியல் இனத்தார் ஆய்வு உதவிக்கு உரியவர் அல்லர். தமிழக அரசு இவ்வகையில் பரந்த மனம் காட்டியுள்ளது. முழுநேர முனைவர் பட்ட மாணவர்க்கு அது தரும் ஊக்கத்தொகை கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகையோ 2010-இல் தொழிற்கல்விக்கென்றே வந்தது. பட்டியல் இனத்தார் வெளிநாட்டில் படிக்க உதவும் நடுவண் அரசின் திட்டத்தில், 2022-இல் வந்த விதி ஒன்று இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இடமில்லை என்றது. ஒடுக்கப்பட்டவரின் பிள்ளை எதையும் ஆராயலாம், தன்னை ஒடுக்கிய சமூகத்தைத் தவிர என்பது அதன் பொருளாகிவிடாதா?

இவற்றோடு மாணவர் செலுத்தும் மற்றொரு கட்டணமும் உண்டு. வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று என்று கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடந்து, தன் வறுமையை ஆண்டுக்கொரு முறை மெய்ப்பிக்க வேண்டும். சட்டத்தின்படி உதவி என்றால் இது தவிர்க்க இயலாதது என்பதை ஒப்புகிறோம். ஆனால் நம் குழு போன்ற இடங்களிலும் பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் வழக்கம் தேவைதானா? அன்று அவர்களுக்கு ஒரு நாற்காலி போடவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

கடன் வாங்கிப் படிக்கலாமே என்பர். வங்கி ஒன்றில் விசாரித்தோம். கொடுக்கலாம் என்றார்கள், படிப்பை முடித்ததும் என்ன வேலை, என்ன சம்பளம் என்றும் கேட்டார்கள். கடன் கொடுப்பவர் அதைக் கேட்காமல் இரார். செவிலியத்துக்கு அக்கேள்விக்கு விடையுண்டு. சித்தாள்களின் பெயரைத் தேடும் படிப்புக்கு இல்லை. மேலும், தலையில் கடன் ஏறியவர் மெதுவாகப் படிக்க இயலாது. மானிடவியல் துறைகளின் இயல்போ மெதுவாகப் படிப்பது.

கொடுத்து வளர்த்த மண் இது என்பதால் ஒரு செய்தியைச் சொல்லாமல் விடலாகாது. தேவகோட்டையும் காரைக்குடியும் சேர்ந்த இவ்வட்டாரத்து வணிகர்கள் தங்கள் கணக்கில் இலாபத்தின் ஒரு பகுதியை மகமை என்று ஒதுக்கி வைத்தனர். வேண்டும்போது எடுத்துக் கொடுப்பது தானம். வருமுன்னரே ஒதுக்கிவிடுவது மகமை. ஒதுக்கிய பணம் தன்னுடையது என்ற எண்ணம் எழுதும் கைக்கே இராது. அம்மரபில் பிறந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். மின்வேதியியல் ஆய்வுக் கூடத்துக்கு அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததை எல்லாரும் சொல்வார்கள். 1947-இல் காரைக்குடியில் அவர் முதலில் தொடங்கிய கல்லூரி கலைக் கல்லூரி என்பதைச் சிலரே நினைப்பர். 1929-இல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் செட்டிநாட்டுக் கொடையே. அந்தப் பணம் வந்த வழியையும் மறைப்பதற்கில்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களின் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. விலைவீழ்ச்சியில் கடன் கட்ட இயலாத உழவர்களின் வயல்கள் வந்து சேர, 1938-இல் அது 25 பங்கு ஆயிற்று. கொடையின் வேரில் இன்னொருவரின் இழப்பு இருக்கக்கூடும். அதனால் கொடுத்தது வீண் என்று நாம் சொல்லவில்லை. கொடுப்பவர் தம்மைப் புரவலர் என்று எண்ணுவதற்குப் பதில் கடனாளி என்று எண்ணிக்கொண்டால் கை இன்னும் தாராளமாக நீளும்.

அந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 1945-இல் ஒரு கத்தோலிக்கக் குரு தமிழில் முதுகலை படிக்க வந்தார். யாழ்ப்பாணத் தீவகத்தில் 1913-இல் பிறந்து, உரோமையில் இறையியல் பயின்று, வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சேவியர் தனிநாயகம். குருவாகிவிட்டவருக்கு மேலும் பட்டம் எதற்கு என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால் அதில் வியப்பில்லை. பங்குகளில் ஆள் வேண்டியிருந்த காலம் அது. அவருக்குக் காலம் தரப்பட்டது. விளைவு, 1952-இல் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழ். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. 1679-இல் அம்பலக்காட்டில் அச்சாகி வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக் கிடந்த புரோயென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி மீண்டும் வெளிவந்தமை. கவனிக்க வேண்டியது: 1945-இல் இவற்றுள் ஒன்றையும் அவர் வாக்களித்திருக்க இயலாது. உதவி கேட்டு ஒரு குழுவின் முன் நின்று, "சேர்ந்து என்ன செய்யப் போகிறீர்?" என்ற கேள்விக்கு அவரும் மௌனமாகத்தான் இருந்திருப்பார்.

எல்லாரும் தனிநாயகம் ஆகிவிடமாட்டார்கள். அப்படி ஆவார்கள் என்று சொல்லிக் கேட்பதும் நேர்மையன்று. அப்பெண் முதுகலை முடித்து, ஆய்வுத் தேர்வில் தவறி, பின்னர் அதே ஜவுளிக்கடைக்கே போக நேரலாம். அப்போது நாம் கொடுத்தது வீணா? இங்கேதான் மூத்தவரும் நாமும் வேறுபடுகிறோம். படித்தவர் ஊருக்குத் திரும்பி வந்து பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நிபந்தனையேனும் வைக்கலாம் என்கிறார் அவர். அதுவும் வேண்டாம் என்பது நம் எண்ணம். நிபந்தனை வைத்த கொடை வட்டி வாங்காத கடன், ஆனால் கடனே. திராட்சைத் தோட்டக்காரர் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்தபோது அவனுடைய வேலையின் அளவைப் பார்க்கவில்லை. அவனும் அன்று சாப்பிட வேண்டும் என்பதைப் பார்த்தார். படிக்க வேண்டும் என்ற பசியும் ஒரு பசி என்று ஒப்பினால் போதும். ஒப்பாதவரோடு வாதிட நம்மிடம் வேறு வாதம் இல்லை.

அதன் பின் வந்த மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். இரண்டு ஆண்டுக் கூலியை நம் குழுவால் ஈடுசெய்ய இயலாது. அது அரசின் வேலை. நம்மால் இயலக்கூடியது, சேர்க்கைக்கும் அரசுப் பணம் வருவதற்கும் இடைப்பட்ட முதல் சில மாதங்களைத் தாங்குவது. மாதம் 300 ரூபாய் தருவதற்கு இருபது பேர் கிடைத்தால் மாதம் 6,000. வீட்டின் இழப்பில் மூன்றில் இரு பங்கு. மருந்துக்கு வைத்த பணத்தைத் தொடாமல் இதைத் தனியே சேர்க்க வேண்டும் என்றார் மூத்தவர். அது சரியே. ஆயினும் இம்முடிவுக்கு நாம் வந்தபோது ஆவணி பிறந்துவிட்டது, சேர்க்கை முடிந்திருந்தது.

அப்பெண் இப்போது ஜவுளிக்கடையில் இருக்கிறாள். இரவு கடை அடைத்தபின் தேவகோட்டை ரஸ்தா வழியாக வரும் பேருந்தில் வீடு திரும்புகிறாள். கணக்கேடுகள் அரிசிப் பெட்டியின்மேல் ஒரு துணியில் கட்டியபடி இருக்கின்றன என்று தந்தை சொன்னார். குழுவின் பேரேட்டில் மகமை என்று தலைப்பிட்டுத் தனியாக ஒரு பக்கம் திறந்திருக்கிறோம். இதுவரை அதில் ஒன்பது பெயர்கள் ஏறியுள்ளன. ஆனி மாதத்துக்குள் இன்னும் பதினொன்று வேண்டும்.